இலை காய்வதற்கும் நாள் வேண்டும்

கணக்கில் ஐந்து பயிற்சி பாக்கியிருந்தால் ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டுவிடலாம். தமிழில் கட்டுரை பாக்கி என்றாலும் அப்படித்தான். அறிவியலில் இது நடக்காது. ஹெர்பேரியம் வைக்க வேண்டுமானால் இலை காய வேண்டும். முளைப்பதைப் பதிவு செய்ய வேண்டுமானால் விதை முளைக்க வேண்டும். ஈர ரொட்டியில் பூஞ்சை பிடிக்க மூன்று நான்கு நாளாவது ஆகும். முட்டையிலிருந்து கொசு பறக்க நம் ஊர் வெக்கைக்கே ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். பிள்ளை எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், அவன் அம்மா ராத்திரி முழுக்கக் கூடவே விழித்திருந்தாலும், இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது.

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான்: "மிஸ், இவன் படிக்கிறதெல்லாம் படிச்சிடுறான். இந்த ப்ராஜெக்ட், அசைன்மென்ட், ரெக்கார்டுன்னு வந்தாத்தான் கடைசி நாள்ல வீட்டையே ரெண்டாக்கிடுறான்." இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. படிக்கிற வேலை வேறு, இந்த வேலை வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வைக்க வேண்டிய தேதியை நாங்கள் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். எப்போது தொடங்க வேண்டும் என்பதை யாரும் எழுதுவதில்லை. சிக்கல் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஹெர்பேரியத்தையே எடுத்துக்கொள்வோம். செடிகளைக் காயவைத்து ஒட்டிக் கொண்டுவாருங்கள் என்றால், பல பிள்ளைகள் முந்தின நாள் சாயங்காலம் வேலியோரம் போய்ப் பறித்து, பச்சையாகவே செல்லோ டேப்பால் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு நாளில் டேப்புக்கு அடியில் வேர்த்து இலை கறுக்கிறது. அடுத்த வாரம் பூசணம். அதற்கும் மதிப்பெண் போட்டு மூலையில் அடுக்கிவிட்டால், அந்தப் பிள்ளை இந்த வேலையிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

முறையாகச் செய்தால் எவ்வளவு அழகான வேலை தெரியுமா! காலைப் பனி உலர்ந்து வெயில் ஏறிய பிறகு பறிக்க வேண்டும். பூவோ காயோ இருக்கும் கிளையாகப் பார்த்து எடுக்க வேண்டும். சின்னச் செடி என்றால் வேரோடு. பழைய செய்தித்தாளுக்கு நடுவில் விரிக்கும்போது ஓர் இலையையாவது புரட்டிப்போட வேண்டும். அப்போதுதான் அடிப்பக்கத்து நரம்பும் மயிரும் தெரியும். மேலே அட்டை, அதன்மேல் கனமாக எதையாவது வைக்கலாம். முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். ஈரம் தாளுக்குப் போய்விடும். மாற்றாவிட்டால் அந்த ஈரமே திரும்ப இலையைக் கெடுக்கும். குப்பைமேனி, தும்பை மாதிரி மெல்லிய இலை சீக்கிரம் காய்ந்துவிடும். எருக்குக்குத் தடித்த இலை, பால் வேறு. அதற்குப் பல நாள் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

தாளின் கீழே வலது மூலையில் ஒட்டும் சீட்டுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தாவரவியல் பெயர், குடும்பம், ஊர்ப்பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் எல்லாம் அதில் வரும். கூடவே பூவின் நிறத்தையும் எழுதச் சொல்வேன். ஆவாரம்பூ செடியில் இருக்கும்போது கண்ணைப் பறிக்கும் மஞ்சள். தும்பை அப்பழுக்கில்லாத வெள்ளை. காய்ந்த பிறகு இரண்டும் பழுப்புக்குப் போய்விடும். பறித்த அன்றைக்கு நிறத்தைக் குறிக்காதவள் மூன்று வாரம் கழித்துச் சீட்டு எழுதும்போது எதைப் பார்த்து எழுதுவாள்? பக்கத்துப் பிள்ளையின் சீட்டைத்தான் பார்ப்பாள். காப்பியடிக்கும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எழுத வேண்டிய நேரத்தில் எழுதாததால் அவளிடம் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை.

இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஒட்டு வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோயம்புத்தூரில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-ல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்ப்பதும் இதே மாதிரிக் காய்ந்த செடியும் மூலையில் ஒரு சீட்டும்தான். இடமும் தேதியும் இல்லாத செடி அங்கே அநேகமாகப் பயன்படாது. இதைச் சொன்ன பிறகு எங்கள் வகுப்பில் தேதி போடாமல் சீட்டு எழுதுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

அடுத்தது ரெக்கார்டு நோட்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. ஆண்டு முழுக்கச் செய்த சோதனைகள் ரெக்கார்டில் இருக்க வேண்டும். முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு ரெக்கார்டில் ஏற்ற வேண்டும் என்பது முறை. வலதுபக்கம் கோடு போட்ட தாளில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை. இடதுபக்கம் வெள்ளைத் தாளில் பென்சிலால் படமும் அட்டவணையும். முறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜூலையில் செய்த சோதனை ஜனவரியில்தான் ரெக்கார்டுக்குப் போகிறது. திருப்புதல் தேர்வு நடக்கும்போதே எல்லாவற்றையும் சேர்த்து எழுத உட்கார்ந்தால் கைதான் எழுதும். மனம் அங்கே இருக்காது.

குவிலென்சின் குவியத்தொலைவு காணும் சோதனையைச் சொல்கிறேன். அன்றன்றைக்கு எழுதிய ரெக்கார்டையும் மொத்தமாக எழுதிய ரெக்கார்டையும் அதில் உடனே பிரித்துவிடலாம். லென்சுக்கு ஒருபக்கம் எரியும் மெழுகுவத்தி, மறுபக்கம் திரை. திரையை முன்னும் பின்னும் நகர்த்திச் சுடரின் தலைகீழ்ப் பிம்பம் தெளிவாக விழும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பொருளின் தொலைவையும் பிம்பத்தின் தொலைவையும் மீட்டர் ஸ்கேலில் அளந்து, இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் குவியத்தொலைவு வந்துவிடும். 15 செ.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளை 35 செ.மீ. தூரத்தில் வைத்தால், சூத்திரப்படி பிம்பம் 26.25 செ.மீ. தூரத்தில் விழ வேண்டும். ஒரு ரெக்கார்டில் 26.25 என்று இருந்தால் அது அளந்த எண் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். மீட்டர் ஸ்கேலில் மில்லிமீட்டர் வரைக்கும்தான் கோடு இருக்கிறது. 26.2 படிக்கலாம், 26.3 படிக்கலாம். 26.25 கால்குலேட்டரிலிருந்துதான் வரும். விடையை வைத்துக்கொண்டு அளவைப் பின்னாலிருந்து கட்டியிருக்கிறார்கள்.

உண்மையாக அளந்தவனிடம் 26.6 இருக்கும். அவனுக்குக் குவியத்தொலைவு 15.1 வரும். அடுத்த அளவீட்டில் பொருள் 30 செ.மீ.யில், பிம்பம் 29.5 செ.மீ.யில் விழுந்திருக்கும், அதற்கு 14.9 வரும். "மிஸ், எனக்கு மட்டும் சரியா வரல" என்று முகம் வாடி வந்து நிற்பான். அவனுக்கு வந்ததுதான் சரி. சுடர் காற்றில் ஆடுகிறது. பிம்பம் எங்கே மிகத் தெளிவு என்று முடிவு செய்வதில் கண் கொஞ்சம் ஏமாறுகிறது. லென்ஸ் தாங்கி ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கலாம். அளவீடு என்றால் இப்படித்தான் இருக்கும், சராசரி எடுப்பதே அதற்காகத்தான் என்பது புரிய ஒரு பிள்ளைக்குக் கையில் சொந்த எண்கள் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நண்பனின் நோட்டிலிருந்து எடுத்த எண்களை வைத்து இந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

அன்றைக்கே எழுது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவரும் காரணம். வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதியவர். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் சர் சி.வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அந்த மாதத்து நாட்குறிப்பில் தேதி போட்டு, அன்றைக்கு என்ன பார்த்தார்கள், பேராசிரியர் என்ன சொன்னார் என்று எழுதிவைத்தார். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட கதையை இன்றைக்கு யார் எழுதினாலும் அந்த நாட்குறிப்பைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி, பள்ளிக்குப் பள்ளி கண்காட்சி வைக்கிறோம். அந்த நாளில் எங்கள் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது வத்திராயிருப்புக்காரரின் நாட்குறிப்பைப் பற்றித்தான்.

கண்காட்சி என்றதும் தெர்மாகோலைப் பற்றிப் பேசியாக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் எந்த ஊரிலும் ஸ்டேஷனரி கடை வாசலில் கூட்டம் நெரியும். தெர்மாகோல், சார்ட், ஸ்கெட்ச் பேனா, ஃபெவிகால். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்கும் எரிமலை, சூரியக் குடும்பம், காற்றாலை. அப்பா வெட்ட, அம்மா ஒட்ட, அக்கா எழுத, பிள்ளை பக்கத்திலேயே தூங்கிப்போகும். அந்த வீட்டுப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து, தெர்மாகோலுக்குச் செலவழித்து, கண் எரிய உட்கார்ந்திருக்கும் அப்பாவை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் காசும் தூக்கமும் பிள்ளையின் படிப்பில் எங்கேயும் போய்ச் சேரவில்லையே.

ஒரு பைசா செலவில்லாத ப்ராஜெக்ட் ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு ஒன்றும் தோன்றவில்லை என்றாள். வீட்டில் யாராவது அடிக்கடி சலித்துக்கொள்வது எதைப் பற்றி என்று கேட்டேன். "அப்பத்தா சொல்லும் மிஸ், போர் தண்ணில பருப்பே வேகாதுன்னு." எங்கள் பக்கம் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அவள் கேள்வி பிறந்துவிட்டது: எங்கள் தெருவில் எந்தத் தண்ணீர் அதிகக் கடினம்?

ஒரே அளவுள்ள பழைய பாட்டில்கள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சோப்புக் கரைசல். ஒரே எண்ணிக்கையில் குலுக்கிவிட்டு நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளந்தாள். கால்சியமும் மக்னீசியமும் கூடிய தண்ணீரில் சோப்பு அவற்றோடு சேர்ந்து திரிந்துபோகும், நுரை குறையும். பருப்பிலும் அதே கால்சியமும் மக்னீசியமும்தான் வேலை செய்கின்றன. பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுவதால் வேக நேரமாகிறது. அப்பத்தா அடுப்படியில் கண்டது முழு உண்மை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. நுரையை வைத்து அந்த எண்ணைச் சொல்ல முடியாது. எது கூட, எது குறைய என்று வரிசைப்படுத்தலாம். எட்டாம் வகுப்புக்கு அது தாராளம்.

அவள் ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தாள். நான் சொல்லவந்தது இதைத்தான். ஐப்பசி மழை இறங்கிய பிறகு அதே போர் தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். நுரை கொஞ்சம் கூடியிருந்தது. "மழைத் தண்ணி உள்ள எறங்கிருச்சா மிஸ்?" என்று கேட்டாள். அப்படி இருக்கலாம், ஆனால் ஒரு தெருவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, வேறு தெருவிலும் எடு என்றேன். எடுத்தாள். பிப்ரவரியில் தொடங்கியிருந்தால் இந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்கவே வழியில்லை. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் எதிர்பார்ப்பதும் இந்த மாதிரி வேலையைத்தான்: உள்ளூர்ப் பிரச்சினை, பிள்ளைகளே திரட்டிய அளவீடுகள், தேதி போட்ட குறிப்பேடு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து நண்பர்களிடம் கேட்டால் எங்கள் பள்ளி மாதிரிச் சின்னப் பள்ளிகளுக்கும் வழிகாட்டுகிறார்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் விருதுக்குத் தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் போடுகிறார்கள். அதற்கும் பள்ளி வழியாக யோசனையை முன்கூட்டியே அனுப்ப வேண்டும்.

இப்போது எங்கள் வகுப்பில் கரும்பலகை ஓரத்தில் இரண்டு தேதி எழுதுகிறேன். தொடங்கும் நாள், வைக்கும் நாள். தொடங்கும் நாளன்று ஏதாவது ஒன்றைக் கையில் காட்ட வேண்டும்: தாளுக்கு நடுவில் வைத்த இலை, ஈரப் பஞ்சில் போட்ட மொச்சை, கேள்வி எழுதிய ஒரு பக்கம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. தொடங்கிய பிள்ளை பெரும்பாலும் முடித்துவிடுகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, பாக்கி வேலைகளை அங்கே எழுதிவைக்கச் சொல்வேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அந்தப் பக்கத்தை எல்லோரும் திறக்க வேண்டும். முடிந்ததை அடித்துவிடலாம். அந்தப் பீரியடில் பாடம் நடத்துவதில்லை.

அந்தப் பீரியடை நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் மேசை கிடையாது. சாயங்காலம் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் வரும் நாளில் குடம் தூக்க வேண்டும், சிலர் பெரியவர்களுக்குக் கைவேலையில் ஒத்தாசை செய்ய வேண்டும். வீட்டில் செய்துகொண்டு வா என்று சொல்வது அவர்களில் ஒருத்திக்கு எளிது, இன்னொருத்திக்கு முடியாத காரியம். அறிவியல் வேலையில் ஒரு பகுதியையாவது பள்ளி நேரத்திலேயே முடிக்க இடம் கொடுத்தால்தான் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க முடியும்.

சக ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். காலாண்டுக்கு முந்தின வாரம் எல்லாப் பாடத்துக்கும் சேர்ந்தாற்போல் ப்ராஜெக்ட் கேட்காதீர்கள். ஆசிரியர் அறையில் ஒரு மாதக் காலண்டரை மாட்டி, யார் எப்போது என்ன கேட்கிறோம் என்று எழுதிக்கொண்டாலே பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ரெக்கார்டு நோட்டை ஆண்டுக் கடைசியில் கட்டாக வாங்கிக் கையெழுத்துப் போடுவதையும் நிறுத்திவிடலாம். மழைக்காலத்தில் எழுதியதை மாசியில் திருத்திக் கொடுத்தால் அந்தச் சிவப்பு மை யாருக்கு உதவும்? ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், தவறாக வரைந்த பூவின் சூலகத்தை அடுத்த பூவிலேயே சரியாக வரைந்துவிடுவாள்.

பெற்றோருக்கும் சொல்கிறேன்: படத்தை நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். கோணலாக இருந்தாலும் பிள்ளையின் படமே இருக்கட்டும். "இன்னைக்கு தாளை மாத்தினியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது பெரிய உதவி.

ஏற்கெனவே பின்தங்கிவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அம்மை போட்டுப் படுத்திருப்பீர்கள், வீட்டில் துக்கம் நடந்திருக்கும், அல்லது வெறுமனே விட்டுப்போயிருக்கும். எந்தக் காரணமாக இருந்தாலும் முழு நோட்டையும் இரவல் வாங்கி ஒரே மூச்சில் எழுத உட்காராதீர்கள். அப்சர்வேஷன் நோட்டைத் திறந்து, உங்கள் சொந்த அளவுகள் உள்ள சோதனைகளை முதலில் ரெக்கார்டில் ஏற்றிவிடுங்கள். மிச்சத்தை உங்கள் ஆசிரியரிடம் நேராகச் சொல்லி, திரும்பச் செய்ய அனுமதி கேளுங்கள். லென்ஸ் சோதனைக்கு ஒரு பீரியட் போதும். உப்பு கரையும்போது வெப்பம் வெளிப்படுகிறதா, உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்கச் சில நிமிஷம் போதும். ஹைட்ரில்லாவைப் புனலுக்கு அடியில் வைத்து ஆக்சிஜன் குமிழி பார்க்கும் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு மட்டும் நல்ல வெயில் வேண்டும். மேகமூட்டமான நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஹெர்பேரியம் பாக்கியென்றால் மெல்லிய இலைச் செடிகளாகப் பார்த்து இன்றைக்கே தாளுக்குள் வைத்துவிடுங்கள்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு: மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆய்வகம் திறந்திருக்கும், நானும் இருப்பேன். எந்தச் சோதனை என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் பொருள்களை எடுத்துவைத்திருப்பேன்.